எலும்பிலிருந்து உடலுக்கு: இலங்கையில் மறைந்துபோன நீர்யானையை வன்னியில் இருந்து வரைவது எப்படி

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஆதிகால விலங்கு ஒன்று கீறிக்கொண்டு வரச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் ரைரனோசோரஸைத்தான் கீறுவார்கள். அது வட அமெரிக்காவில் வாழ்ந்தது. இலங்கையில் டைனோசர் எலும்பு கிடைத்ததாக ஏற்கப்பட்ட பதிவு இல்லை. தமிழ் பேசும் நிலத்தில் டைனோசர் வேண்டுமென்றால் கடல் தாண்டி அரியலூர்ப் பக்கம் போகவேண்டும். ஆனால் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் மூன்றும் இந்தத் தீவில் வாழ்ந்து மறைந்தவை. அவற்றைக் கீறத்தான் ஆளில்லை.

இந்த வழிகாட்டிக்கு நீர்யானையை எடுத்துக்கொள்கிறோம். அதற்கு உயிரோடிருக்கும் உறவு விலங்குகள் இரண்டு உண்டு. பல்லை வைத்தே இன்னதென்று சொல்லிவிடலாம். பாரமான நாற்கால் உடல் எப்படி நிற்கும், எப்படி நடக்கும் என்று பார்க்க எருமை ஊரிலேயே நிற்கிறது.

தேவையான சாமான்கள்: ஏ3 அளவில் தடித்த வரைதாள் ஐந்தாறு, அதே அளவில் ரேசிங் தாள் பத்து, எச்பி, 2பி பென்சில்கள், கறுப்பு, நீலம், சிவப்பு மெல்லிய முனைப் பேனைகள், 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், தையற்காரரின் அளவுநாடா, வேணியர் இடுக்கிமானி ஒன்று (பிளாஸ்டிக் போதும்), போஸ்ரர் வர்ணம், பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானவை அந்த மூன்று நிறப் பேனைகள். கறுப்பு, எலும்பு காட்டுவதற்கு. நீலம், உறவு விலங்குகளை வைத்து ஊகிப்பதற்கு. சிவப்பு, வெறும் கற்பனைக்கு. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த மூன்றையும் கலக்காமல் வைத்திருப்பது பற்றியதுதான்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது

வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது நைஸ் வகைப் பாறை. நிலவியலில் இதற்கு வன்னித் தொகுதி என்று பெயர். எலும்புள்ள விலங்குகள் உலகில் தோன்றுமுன்பே சூட்டிலும் அமுக்கத்திலும் உருமாறிய பாறை இது. வவுனியாவில் கல்லுடைத்து எலும்பு தேடுவது வீண் வேலை.

மன்னார், பூநகரிப் பக்கம் கதை வேறு. அங்கே மணலுக்குக் கீழே மயோசின் காலத்துச் (ஏறக்குறைய 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்) சுண்ணாம்புக்கல் உண்டு. யாழ்ப்பாணக் கிணறுகளில் வெட்டியெடுப்பதும் இதே கல்தான். வேலண்ட், டேவிஸ் இருவரும் 1923இல் இலங்கையின் மயோசின் படிவுகளை விரிவாக விவரித்தார்கள். இந்தக் கல்லில் இருப்பவை சிப்பி, சங்கு, பவளம், கைவில்லை வைத்துப் பார்த்தால் தெரியும் ஒற்றைக்கல உயிர்களின் ஓடுகள். அதாவது ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் மிச்சம். நீர்யானை இதில் வராது. ஆனாலும் உயிர்ச்சுவடு (பொசில்) எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க இதைவிட நல்ல இடமில்லை. கிணறு வெட்டி வெளியே போட்ட கல்லை மழைக்குப் பிறகு பாருங்கள். ஈரத்தில் ஓட்டின் கோடுகள் தெளிவாகத் தெரியும். பல இடங்களில் ஓடு கரைந்து போய், அது இருந்த வெற்றிடமும் உள்ளே நிரம்பி இறுகிய அச்சும் மட்டுமே எஞ்சியிருக்கும். வினாகிரி ஊற்றிச் சுத்தம் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். கல்லும் சுண்ணாம்பு, ஓடும் சுண்ணாம்பு. இரண்டும் சேர்ந்தே கரையும். பழைய பல் துலக்கியும் வெறும் தண்ணீரும் போதும்.

மூன்றாவது, செம்மண். இரணைமடுப் பக்கத்துச் செம்மணலும் அதன் அடிச் சரளையும் தொல்லியலில் பெயர்போனவை. இதேபோன்ற படிவுகளை இலங்கையில் வேறிடங்களில் கண்டாலும் ‘இரணைமடுப் படிவு’ என்றே அழைக்கிறார்கள். இவற்றில் கற்கருவிகள் கிடைக்கின்றன, எலும்பு கிடைப்பதில்லை. நீர் விரைவாக வடியும், காற்றோட்டமுள்ள இந்த மண்ணில் எலும்பின் கனிமம் மழைநீரில் கரைந்து போய்விடும். வன்னியில் எலும்பு கிடைக்காததை வைத்து இங்கே விலங்கே இருக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. இருந்தது என்றும் சாதிக்கக்கூடாது.

எலும்பு கிடைத்த இடம் இரத்தினபுரி. அங்கே மாணிக்கக் குழிகளில் தோண்டும்போது சரளையோடு பல்லும் எலும்புத் துண்டுகளும் வந்தன. பின்னாளில் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல 1930களில் அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். நமது நீர்யானை ‘ஹெக்ஸாபுரோட்டோடொன் சிங்களேயஸ்’. 1939இல் அவர் பெயரிட்ட சிங்கத்துக்குப் பற்களைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அதற்குப் பிடரிமயிர் இருந்ததா, எவ்வளவு அடர்த்தி என்பதைப் பல்லை வைத்துச் சொல்லவே முடியாது. சிங்கத்தைக் கீறினால் படத்தின் பெரும்பகுதி சிவப்புப் பேனையாகிவிடும். நீர்யானையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை. கல் பார்க்கப் போகிறோம் என்று கைவிடப்பட்ட காணிகளுக்குள்ளும் பழைய பதுங்குகுழிப் பக்கங்களுக்கும் இறங்க வேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக மிதிவெடி இல்லை என்று அர்த்தமில்லை. ஊரார் நடக்கும் பாதையும், உழுது பயிரிட்ட காணியும், கிணறு வெட்டிய கல்லும் போதும். பின்னேரம் யானை இறங்கும் இடங்களில் வெயில் சாயுமுன் திரும்பிவிட வேண்டும்.

முதற்பயிற்சி: தெரிந்த விலங்கைத் தெரியாததுபோல் கீறுதல்

நேரே நீர்யானைக்குப் போகாதீர்கள். நாட்டுமாட்டிலோ எருமையிலோ தொடங்குங்கள். எலும்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை வேறெந்த வழியிலும் இவ்வளவு தெளிவாகப் படிக்க முடியாது.

மண்டையோட்டுக்கு இறைச்சிக்கடையில் சொல்லி வைக்கலாம். நோயில் செத்த மாட்டின் தலையைத் தொட வேண்டாம். யானை, மான், முதலை போன்ற காட்டு விலங்குகளின் எலும்பை எடுத்து வைப்பது 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிவிடும். காட்டில் கிடந்தாலும் படம் எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

தோலையும் இயன்றளவு சதையையும் நீக்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அமிழ்த்துங்கள். கையுறை கட்டாயம். கீழ்த்தாடையைத் தனியாகச் சிறுகண் வலைப்பையில் கட்டிப் போடுங்கள், முன்பற்கள் கழன்று சேற்றோடு போய்விடும். நமது வெக்கையில் நாலு முதல் ஆறு கிழமையில் சதை தானாகக் கழன்றுவிடும். கிழமைக்கொரு தடவை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். முழுவதையும் மாற்றினால் சதையைத் தின்னும் பக்டீரியாவும் போய்விடும், வேலை இழுபடும். நாற்றம் தாங்காது என்பதால் கிணற்றுக்கும் வீட்டுக்கும் தூரமாக வையுங்கள். புதைப்பதும் ஒரு வழிதான். மேலே கம்பிவலையும் கல்லும் வைக்காவிட்டால் நாய் இழுத்துக்கொண்டு போகும்.

கொதிக்க வைக்கக்கூடாது. கொழுப்பு எலும்புக்குள் ஊறி, பிறகு மஞ்சள் பிடிக்கும். மெல்லிய மூக்கெலும்புகளும் பிரிந்துவிடும். வெண்மையாக்கக் குளோரின் போடுவது அதைவிட மோசம். எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தை அது அரித்துவிடும், சில மாதங்களில் தொட்டால் மாவாக உதிரும். சலவைத்தூள் கரைத்த இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டுக் கொழுப்பெடுத்து, மருந்துக்கடையில் விற்கும் மூன்று சதவீத ஐதரசன் பரவொட்சைட்டில் ஓரிரு நாள் வைத்தால் போதும்.

இனிப் படம் எடுங்கள். போனை 30 சென்ரிமீற்றர் கிட்டக் கொண்டுபோய் எடுத்தால் மூக்குப் பக்கம் பெருத்து, கண்குழி பின்னுக்குப் போய்த் தெரியும். இரண்டு மீற்றருக்குக் குறையாத தூரத்தில் நின்று பெரிதாக்கி எடுங்கள். அடிமட்டத்தை மண்டையோட்டுக்கு முன்னால் வைக்காமல் அதன் நடுத்தளத்துக்கு நேராக வையுங்கள். முன்னால் வைத்தால் அளவுகோல் பெரிதாகத் தெரியும், அதை நம்பி அளக்கும் எல்லாமே சின்னதாக வரும்.

பக்கவாட்டுப் படத்தை அரைவாசி அளவில் கீறி, மேலே ரேசிங் தாள் வைத்து, எலும்பை மட்டும் பார்த்துத் தலையை வரையுங்கள். பிறகு பட்டியில் நிற்கும் மாட்டின் தலையை அதே பக்கத்திலிருந்து படமெடுத்து, அதே அளவுக்குக் கொண்டுவந்து, அடுத்த தாளில் வரைந்து மேலே வையுங்கள். பிழைகள் பெரும்பாலும் ஒரே இடங்களில் வரும். கொம்பின் எலும்புக் குருத்து மட்டுமே மண்டையோட்டில் நிற்கும். வெளி உறை அதற்கு அப்பாலும் நீளும். மூக்கு நுனி குருத்தெலும்பும் சதையும் என்பதால் எலும்பு முடியும் இடத்தில் முகம் முடியாது. காதுக்கு ஒரு தடயமும் கிடைக்காது. கண்குழி நிறைய விழியைப் போட்டிருப்பீர்கள். உயிருள்ள மாட்டில் விழி அதைவிடச் சிறிது, சுற்றிக் கொழுப்பும் தசையும். கன்னத்தில் எலும்பு துருத்தி நிற்கும்படி கீறியிருப்பீர்கள். அங்கே தடித்த மெல்லும் தசை.

முழு எலும்புக்கூடு கிடைத்தாலும் நாட்டுமாட்டின் திமில் பிடிபடாது. இந்தியக் காட்டெருமைக்கு (கவுர்) முதுகெலும்பின் நெடிய முட்கள் திமிலைத் தாங்கும். நமது மாட்டின் திமில் தசையும் கொழுப்பும்தான். கழுத்தின் கீழ்த் தொங்கும் தாடியும் அப்படியே. எலும்புக்கு மேல் தோலைப் போர்த்தினால் போதும் என்று கீறிய ஆதிகால விலங்குப் படங்கள் உலகம் முழுக்க உண்டு, அருங்காட்சியகச் சுவர்களிலும்கூட. இந்தப் பயிற்சியைச் செய்தவர் அவற்றைப் பார்த்தவுடனேயே பிழை பிடிப்பார்.

நீர்யானையின் ஆதாரத்தைத் திரட்டுதல்

ஒரு தாளை மூன்று நிரலாகப் பிரியுங்கள்.

கறுப்பு நிரலில் எலும்பும் பல்லும். ஹெக்ஸாபுரோட்டோடொன் இனத்துக்குக் கீழ்த்தாடையில் ஆறு வெட்டும்பற்கள். இன்றைய ஆபிரிக்க நீர்யானைக்கு நாலு, லைபீரியாவின் குள்ள நீர்யானைக்கு இரண்டு. இந்தியாவில் நர்மதைக் கரையில் கிடைத்த பிந்திய இனத்தில் ஆறில் ஒரு சோடி மிகவும் ஒடுங்கியிருக்கும், அதனால் ஆறையும் ஒரே பருமனில் கீறுவது சரியல்ல. வேட்டைப்பல் பொருந்தும் மேடு இன்றைய ஆபிரிக்க நீர்யானையில் பக்கவாட்டில் விரிந்து முகவாயைப் பெட்டிபோல் அகலமாக்கும். ஹெக்ஸாபுரோட்டோடொனில் அவ்வளவு விரிவில்லை. ஆகவே முன்னாலிருந்து பார்க்கும்போது முகவாய் சற்று ஒடுங்க வேண்டும். மண்டையின் பின்புறம் நடுவரம்பு உயர்ந்து நிற்கும். கடிக்கும் தசை அங்கே பலமாகப் பற்றியிருந்தது என்று அர்த்தம். கண்குழியின் மேல்விளிம்பும் தடித்து எழும்பியது.

இந்த விவரங்களில் சில இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலைப் பக்கமும் நர்மதைப் பக்கமும் கிடைத்த முழுமையான மண்டையோடுகளில் இருந்து வருபவை. இலங்கையில் கிடைத்தவை துண்டுகள். எந்தத் துண்டு எந்த ஊருடையது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அருங்காட்சியகத்தில் நேரே பார்த்தால் மாதிரி எண்ணையும் குறியுங்கள்.

நீல நிரலில் உறவினரிடமிருந்து பெறுவது. முறை எளிது. உயிருள்ள நெருங்கிய உறவுகள் இரண்டிலும் ஒரு குணம் இருந்தால், மறைந்ததிலும் இருந்தது என்று கொள்வதற்குப் பலமான நியாயம் உண்டு. ஒன்றில் மட்டும் இருந்தால் பலம் பாதி. ஆபிரிக்க நீர்யானை, குள்ள நீர்யானை இரண்டுக்கும் தோல் தடித்தது, மயிர் மிகக் குறைவு, காலில் நாலு விரல், உடல் பீப்பாய், கால் குட்டை. இவற்றை நம்பிக்கையோடு போடலாம். கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேல்விளிம்பில் ஒரே வரிசையில் நிற்பது ஆபிரிக்க நீர்யானையிலேதான் எடுப்பாகத் தெரியும். குள்ளத்தில் கண் பக்கவாட்டில். இங்கே எழும்பிய கண்குழி விளிம்பு ஆபிரிக்க வகைப் பக்கம் சாய்கிறது. இது எலும்பின் ஆதரவுள்ள நீலம்.

சிவப்பு நிரல்: நிறம், கூட்டத்தின் அளவு, குட்டியின் நடத்தை, சத்தம், வன்னியில் நின்றது என்பது உட்பட.

கணினி தானாக ஆக்கித் தரும் படங்களை மாதிரியாக வைக்க வேண்டாம். கீழ்த்தாடைப் பற்களை எண்ணிப் பார்த்தாலே ஏன் என்று தெரியும்.

அளவு கணித்தல்

துண்டு மட்டும் இருக்கும்போது உடலளவை விகிதத்தால்தான் எடுக்க வேண்டும். கீழேயுள்ள எண்கள் முறையை விளக்கும் பயிற்சி எண்கள் மட்டுமே, இந்த விலங்கின் அளவீடுகள் அல்ல.

இன்றைய நீர்யானையின் ஒரு கடைவாய்ப்பல் வரிசை 125 மில்லிமீற்றர், உயிர்ச்சுவட்டில் அதே வரிசை 100 மில்லிமீற்றர் என்று வைப்போம். விகிதம் 0.8. இன்றையதின் தோள் உயரம் 150 சென்ரிமீற்றர் என்றால் மறைந்தது 120. தலையும் உடலும் 350 என்றால் 280. நிறை விகிதத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகும். 0.8ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.512, 1500 கிலோகிராம் விலங்கு 768 கிலோகிராம் ஆகும். உயரம் ஐந்திலொன்று குறைய நிறை ஏறக்குறைய பாதியாகிறது. உயரத்தைக் குறைத்துவிட்டு உடற்பருமனை அப்படியே விட்டால் கால் தாங்காத உருவம் வருவது இதனால்தான்.

பல்லை வைத்துக் கணிப்பதில் ஒரு பொறி உண்டு. சிறுத்த இனங்களில் உடல் சுருங்கிய அளவுக்குப் பல் சுருங்குவதில்லை. ஆகவே பல் விகிதம் உடலைப் பெரிதாக்கிக் காட்டலாம். கால் எலும்பின் அளவு கிடைத்தால் அதையே நம்புங்கள். கிடைக்காவிட்டால் பத்து வீதம் கூட்டியும் குறைத்தும் வீச்சாக எழுதுங்கள்: 108 முதல் 132 சென்ரிமீற்றர்.

ஏ3 தாளின் நீளம் 42 சென்ரிமீற்றர். ஒன்றுக்குப் பத்து அளவில் 280 சென்ரிமீற்றர் விலங்கு 28 சென்ரிமீற்றராகப் படுக்கும். இரு பக்கமும் இடம் இருக்கும்.

எலும்புக்கூடும் நிலையும்

முதலில் பக்கவாட்டு எலும்புக்கூடு. கிடைத்த துண்டுகளைக் கறுப்பால் நிரப்பி, இல்லாதவற்றை ஆபிரிக்க நீர்யானையின் எலும்புக்கூட்டிலிருந்து அளவு குறைத்து நீலக் கோடாக மட்டும் விடுங்கள். இதைப் பார்த்துச் சிலர் சோர்ந்துவிடுவார்கள், ஏனென்றால் கறுப்பு சொற்பம்தான் இருக்கும். அதுதான் உண்மை நிலை.

தோளெலும்பு விலாவோடு மூட்டால் இணைந்ததல்ல. தசைத் தொட்டிலில் தொங்குகிறது. ஆகவே நடக்கும்போது அது மேலும் கீழும் வழுக்கும். முழங்கை வயிற்றின் கீழ்விளிம்புக்குக் கிட்ட இருக்கும். மனிதக் கையைப்போல் தோளுக்குக் கீழே நீட்டிக் கீறினால் விலங்குக்கு ஆள் உள்ளே புகுந்து நடப்பதுபோல் வரும்.

நடையில் மிகக் கூடுதலாக நடக்கும் பிழை காலின் ஒழுங்கு. நாற்கால் பாலூட்டிகளின் மெதுநடை பெரும்பாலும் இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால் என்று போகும். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி ஓரச் சேறு இறுகும்போது எருமைத் தடங்களைப் பின்தொடர்ந்து பாருங்கள். பின்கால் அதே பக்கத்து முன்கால் தடத்துக்குக் கிட்ட, சிலவேளை அதன் மேலேயே விழுந்திருக்கும். நல்ல தடமொன்றை அச்செடுக்கலாம். சுற்றி மட்டையால் வளையம் வைத்து, இரண்டு பங்கு தண்ணீருக்குள் மூன்று பங்கு பிளாஸ்ரர் ஒஃப் பரிஸைத் தூவிக் கலக்கி, ஓரத்தால் மெதுவாக ஊற்றுங்கள். பிளாஸ்ரருக்குள் தண்ணீரை ஊற்றினால் கட்டி பிடிக்கும். நேரே தடத்தின் நடுவில் கொட்டினால் விளிம்பு இடிந்துவிடும். அரை மணித்தியாலம் பொறுத்து, சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுங்கள்.

சதை, கொழுப்பு, தோல்

ஒவ்வொரு படைக்கும் ஒரு ரேசிங் தாள். முதலாவதில் தசை. தலையில் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று மண்டையின் பக்கத்திலிருந்து கன்ன வளைவுக்கு உள்ளால் இறங்கிக் கீழ்த்தாடையைப் பற்றும் தசை. மற்றது கன்ன வளைவிலிருந்து தாடைக் கோணத்துக்கு இறங்கும் தசை. நடுவரம்பு உயர்ந்திருப்பதால் முதலாவதைத் தடிப்பாகக் காட்டலாம், நெற்றிக்குப் பின்னால் மெல்லிய மேடு வரும்.

உடலில் வயிறுதான் பெரிய விடயம். புல் தின்னும் பெரிய விலங்கின் குடல் விலாவுக்கு வெளியே புடைக்கும். ஒட்டிய வயிறு போட்டால் அது பட்டினி கிடக்கும் விலங்கு. கழுத்து குட்டை, தடிப்பு. தலைக்கும் தோளுக்கும் இடையில் இடுப்புபோல் ஒடுங்கக்கூடாது. இன்றைய நீர்யானையின் தோல் சில இடங்களில் 5 சென்ரிமீற்றர் வரை தடிக்கும். ஒன்றுக்குப் பத்து அளவில் அது தாளில் 5 மில்லிமீற்றர், அதாவது தசைக் கோட்டுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி. இதை மறந்தால் மூட்டுகள் கூராகத் தெரியும். மடிப்புகள் அசையும் இடங்களில் மட்டும்: கழுத்து, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம். உடல் முழுக்கச் சுருக்கம் போடுவது யானைப் பழக்கம்.

உதடு வேட்டைப்பல்லை மூட வேண்டும். ஆபிரிக்க நீர்யானை வாயை மூடும்போது அந்தப் பெரிய பற்கள் வெளியே தெரிவதில்லை. பல் எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் மூடிய வாயில் அதைக் காட்டாதீர்கள். பல்லின் எண்ணிக்கையைக் காட்ட ஆசையென்றால் வாய் திறந்த தலையை ஓரத்தில் தனிப் படமாகப் போடுங்கள்.

நிற்கும் இடம்

விலங்கைச் சரியாகக் கீறிவிட்டு, பின்னால் இரணைமடுக் குளத்தைப் போடுவதுதான் நம்மவர் செய்யும் பிழை. குளக்கட்டு, துருசு, வான், வாய்க்கால் எல்லாம் மனிதர் கட்டியவை. நமது விலங்கு வாழ்ந்த பிளைஸ்டோசீன் (பனியுகக் கால) காட்சிக்கு இயற்கை மடு, ஆற்றுத் திருப்பம், வில்பத்துப் பக்கம் ‘வில்லு’ என்று அழைக்கும் தாழ்நில நீர்நிலைகளே பொருத்தம். கனகராயன் ஆற்றங்கரையில் கட்டுமானம் எதுவும் கண்ணில் படாத துண்டொன்றைப் பார்த்துக் கீறலாம்.

மரம் செடிகளில் இன்னும் கவனம் தேவை. ஆகாயத்தாமரையும் உன்னியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நீர்யானைக்குப் பின்னால் ஊதாப் பூ மிதந்தால் படம் கெட்டது. முந்திரி, மன்னாரின் பெருக்கமரம், வீதியோரப் புளி, யூகலிப்ரஸ், தேக்கந் தோட்டம் எதுவும் வேண்டாம். பனையும் தென்னையும் மனிதரோடு பரவியவை, வரிசையாக நட்டதுபோல் போட வேண்டாம், விட்டுவிடுவதே நல்லது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி, ஆற்றோரம் மருது ஆகியவற்றைத் தயங்காமல் போடலாம்.

கடற்கரையைக் காட்டுவதாக இருந்தால் இன்றைய கரையை மறந்துவிடுங்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதை விட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்றது என்பதால் அது முழுக்கத் தரை. மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போகலாம். இந்தியாவோடு உறவுள்ள நீர்யானை, சிங்கம், காண்டாமிருகம் தீவுக்குள் வந்தது இந்த மாதிரியான தாழ்கடல் காலங்களில், பாக்கு நீரிணைப் பக்கமாகத்தான் என்று ஊகிப்பது நியாயம். வன்னியில் நீர்யானையைக் கீறுவதற்கு நம்மிடம் உள்ள வாதம் இது ஒன்றே. ஆதாரத் தாளில் ‘வன்னியில் எலும்பு கிடைக்கவில்லை, வழித்தடம் பற்றிய ஊகம்’ என்று சிவப்பில் எழுதுங்கள்.

இரத்தினபுரிச் சரளையில் வெவ்வேறு காலத்து எலும்புகள் கலந்து கிடக்கின்றன. ஒரே குழியில் கிடைத்தன என்பதற்காகச் சிங்கம் நீர்யானைமேல் பாயும் காட்சி போட வேண்டாம். அவை ஒன்றையொன்று கண்டனவா என்பதற்கே ஆதாரம் இல்லை.

வர்ணம்

வன்னி 9 பாகை வட அகலக்கோட்டை ஒட்டியது. மதியச் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும், நிழல் வயிற்றுக்கு நேர்கீழே விழும், உடலின் உருட்சி தட்டையாகிவிடும். காலை ஏழு, எட்டு மணி ஒளியில் எருமையைப் படமெடுத்து அந்த நிழலைப் பின்பற்றுங்கள்.

நிறத்துக்குச் சாம்பலும் ஊதா கலந்த மண்ணிறமும் அடிப்படை, கண், காது ஓரமும் வயிற்றுப்பக்கமும் இளஞ்சிவப்புச் சாயல். செம்மண் பிரதேசத்தில் சேறாடிய யானை காவி நிறத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நீர்யானைக்கும் காய்ந்த சேறு காவிதான். நனைந்த இடம் கருஞ்சாம்பல், பளபளப்பு. இந்த எல்லைக்கோடு ஒன்றே விலங்கு இப்போதுதான் நீரிலிருந்து ஏறியது என்று காட்டிவிடும்.

சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் போஸ்ரர் வர்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும், கலவை நிறம் இரண்டாந்தரம் அதேபோல் வராது. தேவையான நிறத்தை மூடியுள்ள சிறு போத்தலில் மொத்தமாகக் கலந்து வையுங்கள். மாரியில் எதிர்மாறு: தாள் ஈரம் உறிஞ்சி அலையலையாக நெளியும். பலகையில் நாலு ஓரமும் ஒட்டி இழுத்துவிட்டு வரையுங்கள். பூஞ்சணம் பிடிக்காமல் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள்.

களிமண் உருவம் செய்வதானால்

குளத்துக் களியை உலர்த்தி, இடித்து, ஊறவைத்து, அரித்தெடுத்துப் பிசையுங்கள். ஐந்திலொரு பங்கு மெல்லிய மணல் சேர்த்தால் வெடிப்புக் குறையும். முதலில் ஒரு சிறு கட்டை செய்து அதில் சரியாக 10 சென்ரிமீற்றர் கோடு கீறிக் காயவிடுங்கள். காய்ந்தபின் 9.3 என்றால் சுருக்கம் ஏழு வீதம். 12 சென்ரிமீற்றர் தோள் உயரம் வேண்டுமென்றால் 12ஐ 0.93ஆல் பிரித்து, ஈரத்தில் 12.9 சென்ரிமீற்றராகச் செய்ய வேண்டும்.

உள்ளே கம்பி வைக்காதீர்கள். களி சுருங்கும், கம்பி சுருங்காது. கால் கம்பி வழியே பிளக்கும். கம்பி தேவையென்றால் காயாத பிளாஸ்டிசின் பாவியுங்கள். களிமண்ணுக்குக் கசக்கிய பத்திரிகைத் தாளை உள்ளே வைத்து, சுவர் 2 சென்ரிமீற்றருக்கு மேல் தடிக்காமல் கட்டுங்கள். காயும் வரை வயிற்றுக்குக் கீழே மணற்பை முட்டுக் கொடுக்க வேண்டும். ஈரச் சாக்கால் மூடி நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். திறந்து விட்டால் காதும் வாலும் முதலில் காய்ந்து விழும்.

ஆதாரத் தாள்

படம் முடிந்தபின் அதன் சிறிய கோட்டுருவை ஏ4 தாளில் கீறி, ஒவ்வொரு பகுதியையும் மூன்று நிறத்தில் அடையாளப்படுத்துங்கள். கீழே திகதி, பயன்படுத்திய மாதிரிகள், கணித்த விகிதம், வீச்சு. 1854இல் இலண்டன் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவுக்கு வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் செய்த இகுவானோடொன் என்ற டைனோசரின் சிலைகளில் கூரான எலும்பொன்று மூக்கின்மேல் கொம்பாக நிற்கிறது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோது அது பெருவிரல் முள் என்று தெரிந்தது. சிலையை இனி மாற்ற முடியாது. ரேசிங் தாள்களைப் படைபடையாக வைத்திருப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. நாளை இரத்தினபுரியில் ஒரு கால் எலும்பு வந்தால் எலும்புக்கூட்டுத் தாளை மட்டும் திருத்தி, மேலுள்ளவற்றை அதன்படி நகர்த்தினால் போதும். ஆகவே இந்தத் தாள்களை எறியாமல், இலக்கமிட்டு, பூச்சி அரிக்காத தகரப் பெட்டியில் தட்டையாக வையுங்கள். ஆதாரத் தாளின் பிரதியொன்றைக் கண்காட்சியில் படத்துக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டுங்கள்.